தாய்ப்பாலில் இருப்பதற்குக் காப்புரிமையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தாய்ப்பாலுக்கே பேட்டன்ட் வாங்கிட்டாங்களாம்" என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. கூடவே ஒரு காப்புரிமை எண், ஒரு நிறுவனத்தின் பெயர், நாலைந்து ஆச்சரியக்குறிகள். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆற அமர உட்கார வேண்டும்.

தாய்ப்பாலுக்கு யாராவது காப்புரிமை வாங்கியிருக்கிறார்களா?

இல்லை. ஒரு தாயின் உடலில் சுரக்கும் பால் யாருடைய காப்புரிமைக்குள்ளும் வராது. ஆனால் "எல்லாம் புரளி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகவும் முடியாது. தாய்ப்பாலில் உள்ள சர்க்கரைகள், கொழுப்புகள், புரதங்கள், அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் ஆகியவற்றைச் சுற்றி ஏராளமான காப்புரிமைகள் உண்டு. அவற்றில் பலவும் குழந்தைகளுக்கான பால் பவுடர் விற்கும் நிறுவனங்களிடமோ, அவற்றுக்கு மூலப்பொருள் விற்கும் நிறுவனங்களிடமோ இருக்கின்றன. கிணறு யாருக்கும் சொந்தமில்லை. கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தை ஆளுக்கொரு துண்டாக வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு யாருடையது, வேலி எவ்வளவு உறுதியானது என்பதுதான் பார்க்க வேண்டியது.

இயற்கையில் இருப்பதற்குக் காப்புரிமை கிடையாது என்று படித்திருக்கிறேனே?

படித்தது சரி. ஆனால் அந்த விதி எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இல்லை. ஒரே நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இருந்ததில்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1911-ல் அட்ரினலின் வழக்கு ஒன்று வந்தது. ஜோகிச்சி தகாமினே என்ற வேதியியலாளர் விலங்குகளின் சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்திருந்தார். உடலில் இருப்பதுதானே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பிரித்தெடுத்துத் தூய்மையாக்கியதால் அது மருத்துவத்துக்குப் புதிய பொருளாகிவிட்டது என்று நீதிபதி லெர்னட் ஹேண்ட் காப்புரிமையை ஏற்றார். 'பிரித்தெடுத்தால் உரிமை' என்ற பழக்கம் அங்கிருந்து ஏறக்குறைய நூறாண்டு ஓடியது. இடையில் 1980-ல், எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும்படி மாற்றியமைக்கப்பட்ட பாக்டீரியாவுக்கு ஆனந்த மோகன் சக்ரவர்த்தி காப்புரிமை பெறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உயிருள்ளதா இல்லையா என்பது கேள்வியில்லை, மனிதன் செய்ததா என்பதுதான் கேள்வி என்று ஆனது.

2013 ஜூனில் காற்று திரும்பியது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை வைத்திருந்த மிரியட் ஜெனிடிக்ஸ் நிறுவனத்தின் வழக்கில், உடலிலிருந்து வெறுமனே பிரித்தெடுத்ததாலேயே மரபணு ஒரு கண்டுபிடிப்பாகிவிடாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, "இயற்கையில் உள்ளதிலிருந்து இது குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டிருக்கிறதா?" என்பது.

ஐரோப்பா வேறு பாதையில் போனது. 1998-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் உயிரித்தொழில்நுட்ப ஆணை, இயற்கைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்த உயிரியல் பொருள் முன்பே இயற்கையில் இருந்திருந்தாலும் கண்டுபிடிப்பாகலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் நேர் எதிர்ப் பக்கம்: இயற்கையில் உள்ள உயிருள்ள அல்லது உயிரற்ற பொருளைக் கண்டறிவது கண்டுபிடிப்பே ஆகாது என்று 3(சி) பிரிவு விலக்குகிறது. வெறும் கலவைகளை 3(இ) விலக்குகிறது. ஆக, ஒரே விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் உரிமையாகும். இன்னோர் அலுவலகத்தில் குப்பைக்கூடைக்குப் போகும். "உலகக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படி ஒன்று கிடையாது. காப்புரிமை நாடு நாடாகத்தான் பிறக்கிறது, நாடு நாடாகத்தான் சாகிறது.

தாய்ப்பாலில் எதற்காக இவ்வளவு போட்டி?

இன்றைக்குப் பெரிய போட்டி ஒலிகோசாக்கரைடு எனப்படும் சர்க்கரைத் தொடர்களுக்கு. துறைக்காரர்கள் சுருக்கமாக எச்எம்ஓ என்பார்கள். தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடம் இவற்றுக்குத்தான். லிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை; சீம்பாலில் இன்னும் அதிகம். இதுவரை 150-க்கும் மேற்பட்ட வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பசும்பாலில் இவை மிகக் குறைவு, வகைகளும் வேறு.

விசித்திரம் என்னவென்றால், இந்தச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. தாயின் உடல் சிரமப்பட்டுத் தயாரித்து அனுப்பும் ஒன்று, குழந்தையின் இரைப்பையையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பிஃபிடோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிடுகின்றன. பால் குழந்தைக்கு மட்டுமில்லை, குழந்தையின் குடலில் குடியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சுரக்கிறது. 1950-களிலேயே குழந்தை மருத்துவர் பால் கியோர்கியும் வேதியியலாளர் ரிச்சர்ட் கூனும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பாக்டீரியாவை வளர்க்கும் காரணி இந்தச் சர்க்கரைகள்தான் என்று காட்டினார்கள். அப்போது ஆய்வகத்தில் கிராம் கணக்கில்கூடத் தயாரிக்க வழியில்லாததால் விஷயம் அரை நூற்றாண்டு புத்தகத்திலேயே தூங்கியது.

இவற்றில் அதிகம் பேசப்படுவது 2'-ஃப்யூகோசில்லாக்டோஸ். இனி 2'-எஃப்எல் என்கிறேன். பெரும்பாலான பெண்களின் பாலில் இதுதான் முதலிடம். எல்லோருக்கும் இல்லை: எஃப்யுடி2 என்ற மரபணு செயல்படாத பெண்களின் பாலில் இது ஏறக்குறைய இருப்பதே இல்லை. அவர்கள் பாலைக் குடித்த குழந்தைகளும் வளர்ந்து ஆளாகத்தான் செய்கிறார்கள். "தாய்ப்பாலின் ரகசியம் இதோ" என்று ஒற்றை மூலக்கூறைக் காட்டும் விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

2016-ல் அபாட் நிறுவனம் 2'-எஃப்எல் சேர்த்த பால் பவுடரை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் புதிய உணவுப்பொருளாக அனுமதித்தது. 2020-ல் டென்மார்க்கின் கிளைகாம் நிறுவனத்தை டிஎஸ்எம் 76.5 கோடி யூரோவுக்கும், ஜெர்மனியின் யெனெவைன் நிறுவனத்தைக் கிறிஸ்டியன் ஹான்சன் 31 கோடி யூரோவுக்கும் வாங்கின. இரண்டுமே இந்தச் சர்க்கரைகளைத் தயாரித்த நிறுவனங்கள்.

1950-களிலேயே தெரிந்த மூலக்கூறு. அப்படியானால் இன்று எதற்குக் காப்புரிமை தருகிறார்கள்?

இதுதான் சரியான கேள்வி. 2'-எஃப்எல் என்ற மூலக்கூறு யாருக்கும் சொந்தமில்லை, ஆகவும் முடியாது. தொட்டியில் தயாரித்தாலும் மார்பில் சுரந்தாலும் அது ஒன்றேதான். இதுவும் பழைய சட்ட அறிவு. மஞ்சிட்டி வேரிலிருந்து வரும் அலிசரின் சாயத்தை ஆய்வகத்தில் செய்த வழக்கில், செயற்கை என்று பெயர் வைத்ததால் பழைய பொருள் புதிய பொருளாகிவிடாது என்று 1884-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே மூலக்கூறை விட்டுவிட்டு அதைச் சுற்றி வேலி போடுகிறார்கள். முதல் வேலி, தயாரிக்கும் நுண்ணுயிர். ஈ. கோலி பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி, லாக்டோஸைத் தின்னக் கொடுத்தால் 2'-எஃப்எல் ஆக்கித் தரும்படி செய்கிறார்கள். இதற்கு ஆய்வுகளில் பரவலாகப் பயன்பட்ட நொதி, வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி பாக்டீரியாவிலிருந்து எடுத்தது! அப்படி மாற்றிய பாக்டீரியா இயற்கையில் இல்லை. உரிமை கேட்பதில் தவறு சொல்ல மாட்டேன். இரண்டாவது, நொதித்த கரைசலிலிருந்து சர்க்கரையைச் சுத்தமாகப் பிரிக்கும் முறை. மூன்றாவது வடிவம்: குறிப்பிட்ட படிகம், குறிப்பிட்ட ஈரப்பதமுள்ள தூள். நான்காவது கலவை: இந்தச் சர்க்கரையோடு அந்தக் கொழுப்பு, இந்த பாக்டீரியா, இன்ன விகிதத்தில். ஐந்தாவது பயன்பாடு: "குறைமாதக் குழந்தைகளின் குடல் அழற்சியைக் குறைப்பதற்காக எச்எம்ஓ கொடுக்கும் முறை" என்பதைப்போல.

முதல் இரண்டு வேலிகளும் எனக்கு உறுத்தவில்லை. அவை தொழிற்சாலையைச் சுற்றியவை. வேறு வழி கண்டுபிடித்தவர் வேறு வழியில் போகலாம். கடைசி இரண்டும்தான் இடிக்கின்றன. தாய்ப்பால் அந்தக் கலவையையும் அந்தப் பயனையும் எந்த விண்ணப்பமும் இல்லாமல் காலங்காலமாகத் தந்துகொண்டிருக்கிறது. அதைக் கவனித்துப் பார்த்து, அளந்து, "செயற்கை ஊட்டக் கலவையில்" என்ற இரண்டு மூன்று சொற்களை முன்னால் ஒட்டினால் உரிமையாகிவிடுகிறது. ஐரோப்பிய முறை, தெரிந்த பொருளுக்குப் புதிய மருத்துவப் பயன் கண்டால் அந்தப் பயனுக்காக மட்டும் காப்புரிமை தரும். எனவே ஒரே சர்க்கரைக்கு நோய்க்கு ஒன்று, வயதுக்கு ஒன்று, பிறந்த முறைக்கு ஒன்று என்று விண்ணப்பங்கள் கிளைக்கின்றன.

இந்த வேலிகளுக்காக உண்மையிலேயே சண்டை நடக்கிறதா?

நடக்கிறது. ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்.

கிளைகோசின் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம், யெனெவைன் தன் காப்புரிமையை மீறி 2'-எஃப்எல் தயாரித்து இறக்குமதி செய்கிறது என்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்திடம் 2018-ல் புகார் செய்தது. தலைப்பில் 'மனிதப் பால் சர்க்கரை' என்றெல்லாம் இருந்தாலும், வழக்கின் உயிர்நாடி பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற ஒரு நொதியில் இருந்தது. சாதாரண ஈ. கோலியில் இந்த நொதி நிறைய உண்டு. அது லாக்டோஸை உடைத்துத் தின்றுவிடும். சர்க்கரை தயாரிக்க மூலப்பொருள் மிஞ்சாது. எனவே அதை நீக்க வேண்டும். ஆனால் முழுக்க நீக்கினால் கடைசியில் தொட்டியில் மிஞ்சும் லாக்டோஸைச் சுத்தம் செய்ய ஆளில்லை. கிளைகோசினின் யோசனை: நீக்கிவிட்டு, கொஞ்சம் மட்டும் திரும்ப வை. எவ்வளவு கொஞ்சம்? 0.05 அலகிலிருந்து 200 அலகு வரை. காப்புரிமையில் எழுதியிருந்தது அதுதான். போட்டியாளரின் பாக்டீரியாவில் இருந்தது அந்த வரம்புக்குள் வருகிறதா, எந்த மரபணுவை 'வெளியிலிருந்து வந்தது' என்று சொல்லலாம் என்பது போன்ற கேள்விகளில் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள். 2020-ல் ஆணையம் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இதில் ஒரு தாயும் இல்லை, ஒரு குழந்தையும் இல்லை. ஒரு நொதியின் மிச்சம் மீதி எவ்வளவு என்பதுதான் இருந்தது.

பாலோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு ஒரு காப்புரிமை தோற்றதுண்டா?

உண்டு. குழந்தை உணவு வழக்கு இல்லை, ஆனாலும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

நிகோடினமைடு ரைபோசைடு என்பது பி3 வைட்டமினின் ஒரு வகை. பசும்பாலில் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. டார்ட்மத் பல்கலைக்கழகத்திலிருந்து அதன் உரிமையைப் பெற்ற குரோமாடெக்ஸ் நிறுவனம், எலிசியம் ஹெல்த் என்ற போட்டி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. காப்புரிமையின் கோரல், அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று எண்ணிட்டு எழுதும் பகுதி, என்ன கேட்டது? பிரித்தெடுத்த அந்த வைட்டமின் வேண்டும்; கூட டிரிப்டோஃபான் போன்ற இன்னொன்று வேண்டும்; சர்க்கரை, மாவுச்சத்து போன்ற ஏதாவது ஒரு தாங்கி வேண்டும்; வாய்வழி சாப்பிட்டால் உடலில் என்ஏடி என்ற பொருளின் உற்பத்தி கூட வேண்டும்.

இப்போது ஒரு டம்ளர் பாலை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். வைட்டமின்? இருக்கிறது. டிரிப்டோஃபான்? இருக்கிறது. சர்க்கரை? லாக்டோஸ் இருக்கிறது. வாய்வழி? பாலை வேறெப்படிக் குடிப்பது? மிஞ்சியது 'பிரித்தெடுத்த' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லால் இயற்கையிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் வந்துவிடவில்லை என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோரல்களைச் செல்லாது என்றது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பீட்டா-அலனின் என்ற இயற்கையான அமினோ அமிலத்தைக் குறிப்பிட்ட அளவில் கொடுத்துத் தசைச்சோர்வைத் தள்ளிப்போடும் முறைகளை, வெறும் இயற்கைப் பொருள் என்று தொடக்கத்திலேயே தள்ளிவிட முடியாது என்று 2019-ல் அதே நீதிமன்றம்தான் சொன்னது. பொருளைக் கேட்டால் கதவு சாத்தியிருக்கும். கொடுக்கும் முறையைக் கேட்டால் பாதி திறந்திருக்கும்.

தாய்ப்பாலிலிருந்து எடுத்த பாக்டீரியாவுக்கும் உரிமையாளர் உண்டாமே?

உண்டு. அதிகம் பேசப்பட வேண்டியது இந்தக் கதைதான்.

பெருவில், ஆண்டிஸ் மலைப்பகுதியில் வாழ்ந்த ஒரு தாயின் பாலிலிருந்து 1990 வாக்கில் லாக்டோபாசிலஸ் ரியூட்டரை என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் அதற்கு 55730 என்று எண் விழுந்தது. சுவீடனின் பயோகயா நிறுவனம் அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது: அந்த பாக்டீரியாவுக்குள் டெட்ராசைக்ளின், லிங்கோமைசின் ஆகிய மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் இரண்டு பிளாஸ்மிடுகள் (மரபணுக்களைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையங்கள்) இருந்தன. அவற்றை நீக்கி ஒரு புதிய வகையை உருவாக்கி, ஜெர்மன் சேமிப்பகத்தில் வைத்தார்கள். அதுதான் டிஎஸ்எம் 17938 (இந்த டிஎஸ்எம் அந்தச் சேமிப்பகத்தின் சுருக்கப்பெயர், மேலே சொன்ன நிறுவனமில்லை). குழந்தைகளுக்கான சொட்டு மருந்துப் புட்டிகளில் பொடி எழுத்தில் வரும் எண், உண்மையில் ஒரு குளிர்பெட்டியின் அடையாள எண். காப்புரிமைக்காக நுண்ணுயிரை இப்படிச் சேமிப்பகத்தில் ஒப்படைப்பதற்கென்றே 1977-ல் புடாபெஸ்ட் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள்.

பிளாஸ்மிடு நீக்கிய வகை மனிதன் செய்தது என்பதில் சந்தேகமில்லை. சட்டப்படி கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் அந்தப் பால் யாருடையது? உயிரியல் பன்மைக்கான உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது 1992-ல். மனிதரின் மரபு வளங்கள் அதன் வரம்புக்குள் வராது என்று 1995-ல் உறுப்பு நாடுகளே முடிவெடுத்தன. ஒரு செடியின் வேரிலிருந்து பாக்டீரியா எடுத்தால் அந்த நாட்டிடம் அனுமதியும் பங்கும் பேச ஒரு சட்டச் சட்டகம் இருக்கிறது. ஒரு பெண்ணின் உடலிலிருந்து கிடைத்ததற்கு அந்த அளவு தெளிவுகூட இல்லை. தன் உடலிலிருந்து வெட்டி எடுத்த செல்களில் சொத்துரிமை கேட்டுப் போன ஜான் மூருக்கு 1990-லேயே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. எடுத்தவருக்கு எண் கிடைத்தது. கொடுத்தவர் 'ஒரு பெருவியத் தாய்' என்ற மூன்று சொல்லோடு ஆய்வுக்கட்டுரையில் நின்றுவிட்டார்.

பாலூட்டும் தாய் காப்புரிமையை மீறுகிறாரா?

இல்லை. இப்படி ஒரு பயத்தைக் கிளப்புகிறவர்களிடம் 1889-ல் ஒரு வழக்கில் சொன்ன பழைய விதியைக் காட்டலாம்: ஒரு பொருள் காப்புரிமைக்குப் பின்னால் வந்தால் மீறலாகும் என்றால், முன்னாலேயே இருந்தால் அதுவே காப்புரிமையைக் கொன்றுவிடும். தாய்ப்பால் எல்லா விண்ணப்பங்களுக்கும் முந்தையது. தாயின் பால் தங்கள் கோரலுக்குள் வருகிறது என்று ஒரு நிறுவனம் வாதாடினால், தன் உரிமைக்குத் தானே குழி வெட்டுகிறது. அதனால்தான் கோரல்களில் "செயற்கை", "தூளாக்கிய", "பசும்பால் புரதம் அடங்கிய" என்ற சொற்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

தானமாகக் கொடுத்த தாய்ப்பால்?

பாலுக்கு இல்லை, பதப்படுத்துவதற்கு உண்டு. பலரின் பாலைச் சேர்த்து, சோதித்து, செறிவூட்டிக் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தயாரிக்கும் பொருள்களுக்கும் முறைகளுக்கும் அமெரிக்காவின் புரோலாக்டா நிறுவனம் காப்புரிமைகள் வைத்திருக்கிறது.

டப்பாவில் 'காப்புரிமை பெற்றது' என்று போட்டிருந்தால் நல்லது என்று நிரூபணமானதுதானே?

கிடையவே கிடையாது. காப்புரிமை அலுவலகம் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதில்லை. புதியதா, எளிதில் தோன்றாததா, பயன்படுத்தத்தக்கதா என்று காகிதத்தில்தான் பார்க்கிறது. பல விண்ணப்பங்களில் உள்ள சான்று, செல் வளர்ப்பிலோ பன்றிக்குட்டியிலோ நடந்த சோதனைதான். விற்பனைக்கான அனுமதி வேறு அலுவலகத்தின் வேலை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பால் பவுடர் நிறுவனங்களின் காப்புரிமை ஆவணத்தை எடுத்து 'பின்னணி' என்ற பகுதியைப் படியுங்கள். தாய்ப்பாலை இவ்வளவு மனம்விட்டுப் புகழ்ந்து எழுதியதை வேறெங்கும் பார்க்க முடியாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு என்னென்ன நன்மை, பவுடர் குடிக்கும் குழந்தைகளிடம் என்னென்ன குறை என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அடுக்கியாக வேண்டும், குறை இருந்தால்தானே கண்டுபிடிப்புக்கு வேலை. அதே குழுமத்தின் விளம்பரத்துக்கு வந்தால் அந்தக் குறைகள் காணாமல் போய், "தாய்ப்பாலுக்கு மிக நெருக்கமானது" என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும். இரண்டும் ஒரே கட்டடத்தில் எழுதப்பட்டவை. தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை நெறி 1981-ல் உலக சுகாதார மன்றத்தில் 118-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. எதிர்த்த ஒரு வாக்கு அமெரிக்காவினுடையது. பொதுமக்களிடம் விளம்பரமே கூடாது என்கிறது அந்த நெறி. பல நாடுகளில் அது அரைகுறையாகவே சட்டமாகியிருக்கிறது.

காப்புரிமை இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் தயாரித்திருப்பார்கள்?

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். பாலூட்ட முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள், தாயில்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் பவுடர் மேம்படுவது நல்லதுதான்.

டிஎச்ஏ கொழுப்பைப் பார்ப்போம். தாய்ப்பாலில் இருப்பது, மூளை, விழித்திரை வளர்ச்சியில் பங்குள்ளது. அமெரிக்காவின் மார்டெக் நிறுவனம், விண்வெளிப் பயணத்துக்காக நாசா பணம் கொடுத்த பாசி ஆய்விலிருந்து கிளைத்தது. கடல் நுண்பாசி ஒன்றிலிருந்து டிஎச்ஏ எண்ணெயையும், மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்றிலிருந்து ஏஆர்ஏ என்ற இன்னொரு கொழுப்பின் எண்ணெயையும் எடுத்து, அவற்றைக் குழந்தை உணவில் சேர்ப்பது வரை காப்புரிமை வாங்கியது. 2002-ல் அமெரிக்கப் பால் பவுடர்களில் வந்தது. 2011-ல் டிஎஸ்எம் அந்த நிறுவனத்தை நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2020 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் குழந்தைகளின் முதல்நிலைப் பால் பவுடரில் டிஎச்ஏ கட்டாயம்: 100 கிலோகலோரிக்கு 20 முதல் 50 மில்லிகிராம்.

காப்புரிமை இங்கே முதலீட்டை இழுத்தது உண்மை. பொதுப்பணத்தில் தொடங்கிய ஆய்வு என்பதும் உண்மை. என்னை உறுத்துவது வேறு. எதை உரிமையாக்க முடியுமோ அதைப் பற்றித்தான் ஆய்வு பெருகுகிறது. ஒரு சர்க்கரையின் பயனைப் பற்றிக் கட்டுரைகள் குவிகின்றன. மார்பில் வலியோடு மூன்றாம் நாளே பாலூட்டலை நிறுத்திவிடும் தாய்க்கு எந்த உதவி பலிக்கும் என்பதைக் காப்புரிமை செய்ய முடியாது, எனவே அந்த ஆய்வுக்குப் பணம் போட வரிசை இல்லை.

எவ்வளவு காலம் இந்த உரிமை?

விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். டிஎச்ஏ எண்ணெயின் முதல் காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. ஆனால் முதல் வேலி விழுவதற்குள் இரண்டாவது, மூன்றாவது வேலிகளைப் போட்டுவிடுவது இந்தத் தொழிலின் வாடிக்கை. காப்புரிமை இல்லாமலும் தனியுரிமை உண்டு: ஐரோப்பாவில் புதிய உணவுப்பொருளுக்கு அனுமதி கேட்டுச் சமர்ப்பித்த சொந்த ஆய்வுத் தரவுகளை வேறு நிறுவனம் ஐந்தாண்டுகள் பயன்படுத்த முடியாது.

எனக்கு வந்த செய்தியில் ஒரு காப்புரிமை எண் இருக்கிறது. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெனெட் இரண்டுமே இலவசம். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். முதலில் எண்ணின் வாலைப் பாருங்கள். 'ஏ1' என்றிருந்தால் அது வெறும் விண்ணப்பம். யாரும் எதற்கும் விண்ணப்பிக்கலாம். 'பி1' அல்லது 'பி2' என்றிருந்தால் வழங்கப்பட்டது. பரவும் செய்திகளில் பாதிக்கு இந்த ஒரு பார்வையிலேயே காற்று இறங்கிவிடும். 'டபிள்யூஓ' என்று தொடங்கினால் அது பன்னாட்டு விண்ணப்பம் மட்டுமே.

அடுத்து, தலைப்பையும் சுருக்கத்தையும் நம்பாதீர்கள். தலைப்பில் "மனிதப் பால் ஒலிகோசாக்கரைடுகள்" என்று அகலமாக இருக்கும். உரிமை இருப்பது கடைசியில் எண்ணிட்டு வரும் கோரல்களில். முதல் கோரலை மட்டுமாவது மெதுவாகப் படியுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் நிறைவேறினால்தான் மீறல். ஒன்று குறைந்தாலும் வேலிக்கு வெளியே. எனவே கோரல் நீளமாக இருந்தால் பொதுவாக உரிமை குறுகலானது, குட்டையாக இருந்தால் கவலைப்படுங்கள். பிறகு ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா, எந்தெந்த நாட்டில் உயிரோடிருக்கிறது என்று சட்ட நிலைப் பகுதியில் பாருங்கள்.

படித்துப் பார்த்தேன், தாய்ப்பாலில் இருப்பதையே கேட்டிருக்கிறார்கள். எதிர்க்கலாமா?

எதிர்க்கலாம், காலக்கெடு முக்கியம். ஐரோப்பாவில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல், பெயர்கூடச் சொல்லாமல், எழுத்தில் கருத்து அனுப்பலாம். வழங்கிய பிறகு ஒன்பது மாதங்களுக்குள் முறையான எதிர்ப்பு. அதற்குக் கட்டணமும் வழக்கறிஞரும் வேண்டும். இந்தியாவில் வழங்குவதற்கு முன் யாரும் எதிர்க்கலாம், வழங்கிய பிறகு ஓராண்டுக்குள் அக்கறையுள்ள தரப்பு எதிர்க்கலாம். அமெரிக்காவிலும் வழங்கிய ஒன்பது மாதங்களுக்குள் மறுஆய்வு கேட்கும் வழி இருக்கிறது, செலவு அதிகம்.

அறச்சீற்றம் எழுதி அனுப்பினால் அலுவலகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையை இணைத்து, "கோரல் 1-ல் உள்ள அளவு, இந்தக் கட்டுரையின் இந்த அட்டவணையில் தாய்ப்பாலில் அளந்ததாகவே இருக்கிறது" என்று எழுதுங்கள். பக்க எண்ணோடு.